நார்த்தங்காய்ச் சாடிக்குப் பக்கத்தில்

இலுப்பூர்
18-1-1939

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை எழுதுவது.

பொங்கலன்று அந்தப் பாலை நீங்கள் மட்டும் குடித்து முடித்தீர்கள். அதைத்தான் நான் முதலில் பார்த்தேன்.

விளக்குக்கு மண்ணெண்ணெய் ஊற்றிய கையோடு ஆத்தா பாலை ஆற்றிவிட்டாள். அப்பா ஒரு வாய் வைத்ததும் முற்றத்துக்கு ஓடித் துப்பினார். "ஏண்டி மருதாயி, இது பாலா, லாந்தருக்கு ஊத்துறதா?" என்று சத்தம் போட்டார். நீங்களோ அடி மண்டி வரை குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, "நல்லாத்தானே இருக்கு ஆத்தா" என்றீர்கள். "எம்புள்ளைக்கு மட்டுந்தான் என் அருமை தெரியுது" என்று ஆத்தாவுக்கு அன்று முழுவதும் ஒரே பெருமை.

எனக்குச் சந்தேகம் போகவில்லை. அன்று ராத்திரி உங்கள் தலையணைக்கு அடியில் மடித்து வைத்திருந்த துண்டுக்குள் ஒரு கருவாட்டுத் துண்டை வைத்தேன். நீங்கள் நன்றாகத் தூங்கினீர்கள். காலையில் அந்தத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போனீர்கள்.

நீங்கள் மூக்கை வைத்துப் பிழைக்கிறவர். திருச்சிராப்பள்ளியில் மரியசெல்வம் முதலாளி கடையில் பிரெஞ்சு தேசத்து ஒயினை முகர்ந்தும் ருசித்தும் நல்லது கெட்டது சொல்வதுதானே உங்கள் வேலை. என்ன ஆயிற்று அண்ணே? நேரில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எழுத்தில் கேட்கிறேன். ஆத்தாவிடம் சொல்லவில்லை.

சிவப்பி மாசிக் கடைசியில் கன்று போடும் என்று அப்பா சொல்கிறார். வந்து இரண்டு நாள்கூடத் தங்காமல் போய்விட்டீர்கள் என்று எல்லாருக்கும் குறைதான்.

இப்படிக்கு,
தங்கை


திருச்சிராப்பள்ளி
25-1-1939

அன்புத் தங்கை காத்தாயிக்கு,

கருவாடு வைத்தது நீதானா! இலுப்பூரில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் விராலிமலை வரை முகத்தை அங்கிட்டே திருப்பிக்கொண்டு வந்தார். ஏதோ கோபக்காரர் போல என்று நினைத்தேன். பாவம்.

உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? கார்த்திகையில் எனக்கு விஷ சுரம் வந்து மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன் அல்லவா? சுரம் போனது. போகும்போது மூக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. மல்லிகையும் ஒன்றுதான், சாக்கடையும் ஒன்றுதான். மூக்குப் போனால் நாக்கும் பாதி போன மாதிரி. திரும்பி வந்தாலும் வரும், வராமலும் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

முதலாளிக்குத் தெரியாது. இரண்டு மாதமாக நிறத்தைப் பார்த்தும், பக்கத்தில் இருக்கிறவர் முகத்தைப் பார்த்தும் ஒப்பேற்றுகிறேன். இனி முடியாது போலிருக்கிறது. எங்கள் சரக்குக் கிட்டங்கியில் ஐம்பது பெட்டி சிவப்பு ஒயின் கிடக்கிறது. பொர்தோ என்ற ஊரில் 1928-ல் பிழிந்தது. முதலாளி ஆசைப்பட்டுத் தன் பொறுப்பில் வரவழைத்த சரக்கு. ரயில்வே துரைமார் கிளப்பில் குடித்துப் பார்த்துவிட்டு, "வாய் கூசுகிறது, கெட்டுப்போன சரக்கு" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பொன்மலைப் பக்கம் ஊறுகாய்க்குக் காடி செய்கிறவர் ஒருவர் இருக்கிறார். கெட்டதுதான் என்றால் ஐம்பது பெட்டியையும் தன் தொட்டியில் ஊற்றிக்கொள்ளத் தயாராக நிற்கிறார்.

முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ஆவுடையப்பா, என் நாக்கு சுருட்டுல வெந்து போச்சு. மாசி முடியறதுக்குள்ள நீ பாத்துச் சொல்லு. ஒன் மூக்கு சொல்றதுதான் எனக்கு வேதம்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்குப் போனதைச் சொன்னால் வேலை போகும். சொல்லாமல் வாய்க்கு வந்ததைச் சொன்னால் அவருடைய ஐம்பது பெட்டி போகும்.

நம் வீட்டில் மூக்கு உனக்குத்தான். கிணற்றில் எலி செத்துக் கிடந்தது உனக்குத்தான் முதலில் தெரிந்தது. இந்தத் தடவை பஸ் டிரைவர் வெள்ளைச்சாமியிடம் ஒரு மருந்துச் சீசா கொடுத்தனுப்புகிறேன். இது வேறு ஒயின், லேசான சரக்கு; முதலாளியின் சுருட்டு நாக்கே ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லிவிட்டது. உனக்குப் பரீட்சை. ஒரு நாள் ஆடாமல் வை. பிறகு வெள்ளைத் துணிக்கு எதிரே பிடித்து நிறம் பார். முகர்ந்து பார். ஒரு வாய் எடுத்து, வாய் முழுக்கப் புரட்டி, துப்பிவிடு. விழுங்க வேண்டாம். பிறகு உன் பேச்சில், உனக்குத் தெரிந்ததை மட்டும் எழுது.

அன்பு அண்ணன்,
ஆவுடையப்பன்


இலுப்பூர்
3-2-1939

அன்புள்ள அண்ணனுக்கு,

சீசா சிந்தாமல் வந்தது. வெள்ளைச்சாமி அண்ணன், "ஒங்க அண்ணன் மருந்து குடுத்துவிட்டாரு தாயி. என்ன சீக்கு?" என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார். நான் தலையை ஆட்டிவிட்டு ஓடி வந்துவிட்டேன். எதற்குத் தலையை ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

வெண்கலக் கும்பாவில் ஊற்றினேன், வெண்கலம்தான் மணத்தது. கொட்டாங்கச்சியில் ஊற்றினேன், தேங்காய் மணத்தது. அதற்குள் பாதி தீர்ந்துவிட்டது. மீதியைச் சீசாவிலேயே வைத்து முகர்ந்தேன். பழுத்த நாவல்பழ வாசனை ஓடி வந்து முகத்தில் விழுந்தது. அதற்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. வாயில் புளிப்பும் இல்லை, துவர்ப்பும் இல்லை, வழுவழுவென்று போய்விட்டது. விருந்துக்கு வந்து எல்லாரையும் சிரிக்கவைத்துவிட்டு, கை கழுவியதும் கிளம்பிவிடுகிற உறவுக்காரர் மாதிரி. இதை வைத்திருந்து பயன் இல்லை. இன்றைக்கே குடித்துவிட வேண்டியதுதான் என்று எனக்குப் படுகிறது.

முருங்கை மரத்தடியில் துப்பும்போது ஆத்தா பார்த்துவிட்டாள். "அடியே! ரத்தமா துப்புற!" என்று மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். இல்லை, ஈறு வீக்கத்துக்கு அண்ணன் அனுப்பிய மருந்து என்று சொன்னேன். வாயைத் திறக்கச் சொல்லி ஒவ்வொரு பல்லாக ஆட்டிப் பார்த்தாள். "எம்புட்டு நாளா இருக்கு? எங்கிட்டச் சொல்லாம அண்ணங்கிட்டச் சொல்லியிருக்க" என்று கண் கலங்கினாள். பொய் சொன்னது எனக்கு இன்னும் உறுத்துகிறது. மூன்று நாளாகக் குழைந்த சோறுதான் போடுகிறாள்.

இப்படிக்கு,
தங்கை


திருச்சிராப்பள்ளி
10-2-1939

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தைக் கிட்டங்கியில் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து படித்தேன். படித்துவிட்டு ஆடினேன். யாரும் பார்க்கவில்லை. அந்த ஒயினைப் பற்றி முதலாளி சொன்னது, "வாசனை உண்டு, ஆயுசு இல்லை. இந்த வருஷமே வித்துடு." நீயும் அதையேதான் எழுதியிருக்கிறாய்.

எங்கள் கடையில் ருசிப் புத்தகம் என்று ஒன்று உண்டு. எந்த ஒயினானாலும் ருசித்தவர் அதில் தீர்ப்பை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். உறவுக்காரர் கதையை அதில் நான் எழுதிவைத்தேன். முதலாளி படித்துவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எங்கேர்ந்துடா புடிச்ச இந்தப் பேச்ச?" என்றார். ஊர்ப் பேச்சு என்றேன். உன் வார்த்தைக்குக் கீழே என் கையெழுத்து இருப்பதைப் பார்த்தால் எனக்கும் உறுத்தத்தான் செய்கிறது.

அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ ஐம்பது பெட்டியிலிருந்து ஒரு சீசா வரும். கூடவே கால் வைத்த கண்ணாடிக் கோப்பை ஒன்றும் அனுப்புகிறேன். அதில் ஊற்றினால் வேறு வாசனை கலக்காது.

இது கலப்பு ஒயின். நாலு வகைத் திராட்சையைத் தனித்தனியாகப் பிழிந்து, பிறகு ஒன்றாகச் சேர்ப்பார்கள். அவற்றின் பெயர்கள் என் வாயிலேயே நுழையாது, விட்டுவிடு. ஒன்று பலம் கொடுக்கும், ஒன்று சதை, ஒன்று புளிப்பு, ஒன்று வாசனை. அவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா, இல்லை தனித்தனியாக நிற்கின்றனவா என்று பார். துவர்ப்பு இருந்தால் பயப்படாதே; நல்ல துவர்ப்பு வருஷக்கணக்கில் ஒயினைத் தாங்கும். துப்பிய பிறகு மனசுக்குள் எண்ணு. எந்த எண் வரை ருசி நிற்கிறது என்று எழுது. வெல்லப்பாகு கருகின வாசனை வந்தால் மட்டும் அது போய்விட்டது என்று அர்த்தம். கப்பலிலோ கிட்டங்கியிலோ சூட்டில் வெந்திருக்கும்.

அன்பு அண்ணன்,
ஆவுடையப்பன்


இலுப்பூர்
4-3-1939

அன்புள்ள அண்ணனுக்கு,

திருவரங்குளத்தில் ஒன்றுவிட்ட அழகி அக்கா மகனுக்குக் காதுகுத்து. அப்பாவும் நானும் ஐந்து நாள் போய் இருந்துவிட்டு வந்தோம். சிவப்பி எப்போது வேண்டுமானாலும் கன்று போடலாம் என்பதால் ஆத்தா வரவில்லை. காது குத்தும்போது பையன் ஆசாரியின் விரலைக் கடித்துவிட்டான். இரண்டு பேரும் அழுதார்கள்.

திரும்பி வந்தால் நீங்கள் அனுப்பிய சீசாவும் கண்ணாடியும் நாங்கள் போன மறுநாளே வந்திருந்தன. கண்ணாடி நிறையக் குங்குமம். "கால் முளைச்ச கிண்ணி, நல்லாருக்குடி. சாமி மாடத்துக்குன்னே அனுப்பியிருக்கான் புள்ள" என்றாள் ஆத்தா. நான் குங்குமத்தை வேறு கிண்ணத்துக்கு மாற்றி, கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, ஒரு பகல் காற்றில் வைத்த பிறகே ஊற்றினேன்.

அண்ணே, எழுதவே கை வரவில்லை. வெல்லப்பாகு கருகின வாசனைதான். முகர்ந்ததும் அதுதான், கடைசி வரை அதுதான். ஓரத்தில் செங்கல் நிறம். நாவல்பழம் இருந்த இடத்தில் காய்ந்த பேரீச்சம்பழம். எண்ண ஆரம்பித்து ஐந்துக்குள் முடிந்துவிட்டது. போய்விட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் துவர்ப்பு மட்டும் வாயின் இரண்டு ஓரத்திலும் விடாமல் நின்றது. வீடு எரிந்த பிறகும் தூண் நிற்கிற மாதிரி. அதனால்தான் கெட்டது என்று முடிவாகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

சிவப்பி கிடாரிக் கன்று போட்டிருக்கிறாள். நெற்றியில் வெள்ளை.

இப்படிக்கு,
தங்கை


திருச்சிராப்பள்ளி
8-3-1939

அன்புத் தங்கைக்கு,

வருத்தப்படாதே. உள்ளதைத்தான் எழுதினாய். "சூட்டில் வெந்துவிட்டது. கெட்ட சரக்கு" என்று புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

முதலாளி அதைப் படித்துவிட்டு ஒரு பாட்டிலைத் திறக்கச் சொன்னார். கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். "எனக்கு அப்படித் தெரியலையேடா. ஆனா என் மூக்கு என்ன மூக்கு, ஒன் மூக்கு என்ன மூக்கு" என்றார். அந்தப் பேச்சு இன்னும் என் காதில் நிற்கிறது. செவ்வாய்க்கிழமை காலையில் காடிக்காரர் வண்டி வருகிறது. பெட்டிகளை நான்தான் எண்ணி ஏற்ற வேண்டும்.

கன்றுக்கு என்ன பெயர் வைத்தீர்கள்?

அன்பு அண்ணன்,
ஆவுடையப்பன்


இலுப்பூர்
11-3-1939
வெள்ளைச்சாமி அண்ணன் கையில்

அண்ணே,

தபாலில் போட்டால் காலதாமதம் ஆகும். வெள்ளைச்சாமி அண்ணனிடம் நானே வாய் திறந்து, "இன்னைக்கே எங்க அண்ணங்கிட்டக் குடுத்துடுங்க" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். பார்த்துக்கொள்ளட்டும்.

ஒயின் கெடவில்லை. வண்டியில் ஏற்ற விடாதீர்கள்.

நேற்று வெயிலில் காய்ந்த வற்றலை எடுக்கப் போனேன். அப்பாவின் பழைய வேட்டியை விரித்துத்தான் ஆத்தா எல்லாவற்றையும் காயவைப்பாள். நார்த்தங்காய்ச் சாடி வைத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில், வேட்டியில் ஒரு சின்னச் சிவப்பு வட்டம் இருந்தது. மருந்துச் சீசாவின் அடிப்பாகம் அளவு. குனிந்து முகர்ந்தேன். அதே வெல்லப்பாகு.

"ஆத்தா, அண்ணன் அனுப்புன சீசாவ எங்க வச்சிருந்த?"

"வெயில்லதான். நீ ஊருக்குப் போயிட்ட. ஈறு மருந்தாச்சே, பூசணம் பூத்துப் போனா என்ன பண்றது? நாலு நா நல்ல வெயிலு காட்டுனேன். நார்த்தங்காயவிடப் பத்திரமாப் பாத்துக்கிட்டேன். காக்கா தட்டிடும்னு பக்கத்துலயே ஒக்காந்திருந்தேன்."

நான் உட்கார்ந்துவிட்டேன். நம் வீட்டில் நாள்பட இருக்க வேண்டியது எதுவானாலும் ஆத்தா வெயில் காட்டாமல் உள்ளே எடுத்து வைக்க மாட்டாள் என்பது எனக்குத் தெரியாதா? புளி, மிளகாய், நார்த்தங்காய், பழைய புடவை எல்லாவற்றுக்கும் அதுதானே வழக்கம். முதலில் நான் பொய் சொன்னேன். அந்தப் பொய்யை நம்பி அவள் காவல் இருந்திருக்கிறாள்.

பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உங்கள் சுரம், மூக்கு, ஐம்பது பெட்டி, ஈறு வீக்கம் எல்லாம். அப்பா சீசாவின் அடியில் மிச்சம் இருந்த இரண்டு சொட்டை நாக்கில் விட்டுப் பார்த்தார். "கள்ளுல கால் பங்குகூட இல்ல. இதுக்கா இம்புட்டு?" என்றார். அப்புறம், "மூக்கு போனத மறைச்சவன் மகன், பல்லு ஆடுதுன்னு சொன்னவ மக. நல்ல வித்துடா வீரய்யா!" என்று தன்னையே திட்டிக்கொண்டார். அவர் சிரித்ததை ஆத்தாவும் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

இன்னொரு சீசா அனுப்ப நேரம் இல்லை. அனுப்பினாலும் இனி யார் நம்புவார்கள்? திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் நான் வருகிறேன். கூட ஆத்தா வருகிறாள். "நான்தானே வெயில்ல வச்சேன், அந்த மொதலாளிகிட்ட நானே சொல்றேன்" என்கிறாள். அப்பா கன்றுக்குட்டிக்குக் காவல்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நாங்கள் வருவதற்குள் உங்கள் மூக்கு விஷயத்தை நீங்களே முதலாளியிடம் சொல்லிவிடுங்கள். அதை நான் சொல்லும்படி வைக்காதீர்கள்.

தங்கை


திருச்சிராப்பள்ளி
16-3-1939

அன்புத் தங்கைக்கு,

உங்களை பஸ் ஏற்றிவிடும்போது ஒன்றும் கேட்க முடியவில்லை. ஆத்தா பேசிக்கொண்டே இருந்தாள். நீ ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தாய், அவ்வளவுதான்.

நீ கேட்டபடி ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் முதலாளியிடம் சொல்லிவிட்டேன். மூக்கு, உன் கடிதங்கள், ஆத்தா காட்டிய வெயில் எல்லாவற்றையும். சுருட்டைப் பற்றவைத்தார். அது அணைந்தது. மறுபடியும் பற்றவைத்தார். "நாளைக்கு ஒன் தங்கச்சி வரட்டும். அது உள்ள இருக்கிற வரைக்கும் நீ கிட்டங்கியில இரு. கண்ணு காட்டக் கூடாது" என்றார்.

கிட்டங்கியில் நான் நின்ற நிலையை என்ன சொல்ல? பாட்டில்களைத் துடைத்தேன். துடைத்ததையே துடைத்தேன். உள்ளேயிருந்து ஆத்தா குரல் கேட்டது, முதலாளி சிரிக்கிற சத்தம் கேட்டது. உன் குரல் மட்டும் கேட்கவே இல்லை. அவ்வளவுதான், தொலைந்தது என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காடிக்காரர் வண்டி வந்து காலியாகத் திரும்பிப் போனது. முதலாளி கிட்டங்கிச் சாவியை என் கையில் கொடுத்தார். "எந்தப் பாட்டில் எங்க கெடக்குன்னு ஒனக்குத்தான் தெரியும். அதுக்கு மூக்கு வேண்டாம். இனிமே பொய் மட்டும் சொல்லாத. சீசா வாராவாரம் இலுப்பூருக்குப் போவட்டும். வெயில் படாம போவட்டும்" என்றார். என்ன நடந்தது என்று கேட்டால், "அது எனக்கும் அந்தப் பொண்ணுக்கும் நடந்த கடுதாசிப் போக்குவரத்து" என்று சட்டைப் பையைத் தட்டிக்காட்டுகிறார். உள்ளே ஏதோ காகிதம் இருக்கிறது. தர மாட்டேன் என்கிறார்.

ருசிப் புத்தகத்தைப் பார்த்தேன். நான் எழுதியதை அவர் சிவப்பு மையால் அடித்திருக்கிறார். அதற்குக் கீழே உன் எழுத்து, அதன் முடிவில் மிளகு அளவு ஒரு மைச்சொட்டு இருக்கிறது. அது எப்படி வந்தது? எல்லாவற்றையும் எழுது. ஒன்றையும் விடாதே.

அன்பு அண்ணன்,
ஆவுடையப்பன்


இலுப்பூர்
19-3-1939

அன்புள்ள அண்ணனுக்கு,

கன்றுக்குப் பெயர் வைத்தாயிற்று. அப்பா அதைப் பொர்தோ என்று கூப்பிடுகிறார். ஆத்தா வாயில் அது போடியாகிவிட்டது. கூப்பிட்டால் இரண்டுக்கும் வருகிறது.

நீங்கள் கேட்டதை எழுதுகிறேன்.

உள்ளே ஒரு பெரிய மேசை. அதன் மேல் வெள்ளைத் துணி. மூன்று கண்ணாடிகளில் ஒயின் இருந்தது. முதலாளி இவ்வளவு வயதானவராக இருப்பார் என்று நான் நினைக்கவில்லை. "வாம்மா. பயப்படாத. பாத்துச் சொல்லு" என்றார். அவருக்குப் பக்கத்தில் கணக்கப்பிள்ளையும் இன்னும் இரண்டு பேரும் நின்றார்கள். நான் ஆத்தாவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். ஐந்தாம் வகுப்பில் இன்ஸ்பெக்டர் வந்த அன்று பாட்டுச் சொல்லச் சொன்னபோதும் இப்படித்தான் ஒதுங்கினேன். எல்லாம் தெரியும், ஒன்றும் வரவில்லை. மறுநாளிலிருந்து நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அது உங்களுக்குத் தெரியும்.

மூன்றையும் முகர்ந்தேன், ருசித்தேன், துப்பினேன். தெரிந்துவிட்டது. சொல்ல வாய் வரவில்லை. முதலாளி காத்திருந்தார். கணக்கப்பிள்ளை இருமினார்.

ஆத்தாதான் பேசினாள். "அவ பேச மாட்டா மொதலாளி. கடுதாசின்னா எழுதுவா."

முதலாளி என்னையே பார்த்தார். பிறகு ஒரு காகிதத்தையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். "அதுக்கென்ன? எனக்கு ஒரு கடுதாசி எழுது" என்றார்.

அண்ணே, அதன் பிறகு எனக்குப் பயம் இல்லை. மதிப்புக்குரிய முதலாளி அவர்களுக்கு என்று தொடங்கினேன். மூன்றும் ஒரே ஒயின்தான். இடது பக்கம் இருப்பது நேற்றுத் திறந்தது. வாசனை பாதி போய்விட்டது. வலது பக்கம் இருப்பது வெயிலில் இருந்தது. எங்கள் வீட்டில் நான் முகர்ந்த அதே வெல்லப்பாகு. நடுவில் இருப்பதுதான் சரியானது என்று எழுதிக் கொடுத்தேன்.

அவர் படித்துவிட்டுக் கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். "நேத்துலேர்ந்து ஜன்னல் வெயில்ல வச்சிருந்தேனே, யாருக்காச்சும் சொன்னீரா?" என்றார். அவர் பதறிப்போய் இல்லை என்றார். முதலாளி காகிதத்தை என்னிடமே திருப்பினார். "நடுவுல உள்ளதப் பத்தி எழுது" என்றார்.

எழுதினேன். ஓரம் இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது, செங்கல் நிறம் வரவில்லை. இதற்குள் நாலு பேர் இருக்கிறார்கள். ஒருவர் எங்கள் அப்பா மாதிரி. கொட்டைப்பாக்குத் துவர்ப்பு, முன்னால் வந்து நின்றுகொண்டு மற்றவர்களைப் பேச விட மாட்டார். கிளப்பு துரைமாருக்கு வாய் கூசியது இவரால்தான். இன்னொருவர் ஆத்தா மாதிரி; நாவல்பழச் சதை, எல்லா இடத்தையும் நிரப்புகிறாள். மூன்றாவது அண்ணன், புளிப்பு, ஓரிடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது, அது இல்லாவிட்டால் வீடு தூங்கிவிடும். நாலாவது கொஞ்சம்தான். கசக்கின மருதாணி இலை வாசனை. கதவுக்குப் பின்னால் நிற்கிறது. கண்ணாடியைச் சுற்றினால்தான் வெளியே வருகிறது.

அது யார் என்று எழுதவில்லை.

நாலு பேரும் இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான், கெட்டுப்போகவில்லை. துப்பிய பிறகு நாற்பது வரை எண்ணினேன், அப்போதும் இருந்தது. நான் பிறந்த வருஷம் ஆத்தா போட்ட நார்த்தங்காய் ஒரு சாடி எங்கள் வீட்டில் இருக்கிறது. முதல் வருஷம் வாயில் வைக்க முடியாதாம். இப்போது கறுத்து, கரைந்து, காய்ச்சல்காரர் கேட்டு வாங்கிப் போகிறார்கள். கசப்பு இருந்த காயால்தான் அது முடிந்தது. இதுவும் அந்த ஜாதி. இப்படி எழுதி முடித்தேன்.

முதலாளி எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார். "ஏண்டி, அப்பாவையா எழுதுன!" என்று ஆத்தா என் தொடையில் கிள்ளினாள். அவர் சிரித்துக்கொண்டே நடுக் கண்ணாடியை எடுத்துச் சுற்றினார், முகர்ந்தார், மறுபடியும் சுற்றினார். அப்புறம் சிரிப்பை நிறுத்தினார். "ஆமா. பின்னால நிக்குது" என்றார். கண்ணாடியை வைத்துவிட்டு, "எத்தன வருஷம்மா?" என்று கேட்டார்.

"பத்து வருஷங்க" என்றேன். வாயால்தான் சொன்னேன். அந்த அறையில் நான் பேசியது அது ஒன்றுதான்.

"பத்து வருஷமா! அதுவரைக்கும் நான் இருக்க வேண்டாமா?"

"இருப்பீங்க மொதலாளி, ஏன் இருக்காம?" என்றாள் ஆத்தா. "நாள்பட வைக்கணும்னா ஒண்ணு சொல்றேன், கேளுங்க. வருஷத்துக்கு ஒரு நா, ஒரே ஒரு நா, லேசா வெயிலு காட்டி..."

முதலாளி உரக்கச் சிரித்துவிட்டார், கூடவே கணக்கப்பிள்ளையும் முதல்முறையாகச் சிரித்தார். நீங்கள் கேட்ட சிரிப்புச் சத்தம் அதுதான்.

பிறகு முதலாளி ருசிப் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னார். நீங்கள் எழுதியதைச் சிவப்பு மையால் அடித்தார். பேனாவை மையில் தொட்டு என்னிடம் நீட்டினார். "ருசிச்சவங்கதான் எழுதணும். எழுதுனவங்கதான் கையெழுத்துப் போடணும். அது இந்தக் கடை வழக்கம்" என்றார்.

இன்னும் பத்து வருஷம் வைக்கலாம் என்று எழுதினேன். கையெழுத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. உங்களுக்கு எழுதுகிற கடிதத்தில்கூட நான் தங்கை என்றுதானே போடுவேன்? பேனா நின்ற இடத்தில் மை சொட்டியது. நீங்கள் பார்த்த சொட்டு அதுதான். எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சொட்டு காயட்டும் என்று ஊதினேன். காய்ந்ததும் அதற்குப் பக்கத்தில் என் பெயரை எழுதினேன்.

வீ. காத்தாயி